ஆன்டிபாடி என்னும் அளவுமானி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு வாசலிலேயே ஒரு நண்பர் கேட்டார்: "என்னப்பா, நீ இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆளு. ஆன்டிபாடின்னு டாக்டர் மாதிரி பேசப் போறியாமே?" நியாயமான கேள்விதான். நான் வேலை பார்ப்பது பரிசோதனைக் கூடங்களுக்குக் கருவி செய்யும் ஒரு நிறுவனத்தில். நாங்கள் செய்வது ஒரு பெட்டி. உள்ளே ஒரு விளக்கு, ஒரு ஃபில்டர், ஒரு டிடெக்டர். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டை உள்ளே தள்ளினால், ஒவ்வொரு குழியிலும் எவ்வளவு மஞ்சள் நிறம் இருக்கிறது என்று எண்ணாகச் சொல்லும். அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று முதல் மூன்று வருடம் நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டி வந்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் அளக்கப்படும் பொருளைப் பற்றி. நம் ரத்தத்தில் டி செல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு கொல்வது இவற்றில் ஒரு வகையின் வேலை. சரி, கல்லீரலில் ஒரு மூலையில் வைரஸ் புகுந்துவிட்டது என்று ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் டி செல்லுக்கு எப்படித் தெரியும்? நமக்கு ஹாஸ்டல் மெஸ்ஸில் பஜ்ஜி போடுவது மூன்றாவது மாடியில் எப்படித் தெரிந்ததோ அப்படித்தான். வாசனை. செல்கள் வெளியே விடும் இந்த வாசனைப் புரதங்களுக்குக் கீமோகைன் என்று பெயர். மனித உடம்பில் ஐம்பதுக்குக் கொஞ்சம் முன்பின்னாக வகைகள் உண்டு. எல்லாமே மிகச் சின்னப் புரதங்கள்.

இதில் நான் அதிகம் பழகியது ஐ.பி.10 என்பது. இதன் புதுப் பெயர் சி.எக்ஸ்.சி.எல்.10. லேபில் இன்னும் பலர் ஐ.பி.10 என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். 1985-ல் ஆண்ட்ரூ லஸ்டரும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்தார்கள். இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் செல்மேல் ஊற்றினால் எந்த ஜீன் விழித்துக்கொள்கிறது என்று தேடியபோது கிடைத்தது இது. இது டி செல்லை இழுக்கும் என்பது அப்போது தெரியாது; 1993-ல்தான் வெளிவந்தது. 1996-ல் டி செல்லின் மேல் இருக்கும் 'மூக்கு', அதாவது சி.எக்ஸ்.சி.ஆர்.3 என்ற ஏற்பி, கிடைத்தது.

வேலை செய்யும் விதம் நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும். டி செல் இன்டர்ஃபெரான் காமாவை விடுகிறது. அது பட்ட அக்கம்பக்கத்துச் செல்கள் ஐ.பி.10 செய்கின்றன. ஐ.பி.10 ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அந்த வழியாக வரும் டி செல் வேகம் குறைந்து, நின்று, சுவரின் இடுக்கில் நுழைந்து உள்ளே போகிறது. போனது சும்மா இருக்குமா? அதுவும் இன்டர்ஃபெரான் காமா விடும். மறுபடி ஐ.பி.10. மறுபடி டி செல். நம்ம ஆண்டு விழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டு போனால் 'கீ...' என்று கத்துமே, அதே பாசிடிவ் ஃபீட்பேக். வைரஸ் விஷயத்தில் இது நமக்கு நல்லது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் கெட்டது.

அளவு என்று வரும்போது தலை சுற்றும். மில்லிலிட்டருக்கு 600 பிகோகிராம் ஐ.பி.10 இருந்தால் அது உயர்ந்த அளவு என்று டாக்டர்கள் பேசுவார்கள். பிகோகிராம் என்றால் கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி. அதில் ஒன்றேகால் மூட்டை சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினால் எவ்வளவு இனிப்போ, அதுதான் இந்த 600. அதுவும் சுத்தத் தண்ணீரில் இல்லை. ரத்தத்தில் ஆல்புமின் மட்டுமே இதைப்போலப் பல கோடி மடங்கு கிடக்கிறது. அந்தக் கூட்டத்தில் இந்த ஒருவனை மட்டும் பிடித்துக் காட்ட வேண்டும்.

பிடித்துக் காட்டுவது ஆன்டிபாடி. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் எதிர்ப்பொருள். ஒய் வடிவப் புரதம். இரண்டு கையின் நுனியிலும் பிடி. கிருமியைப் பிடிக்க உடம்பு செய்துகொண்ட சாதனம் இது. அதையே நாம் எடுத்து எந்தப் புரதத்தையும் பிடிக்கும் இடுக்கியாகப் பயன்படுத்துகிறோம். இதை அளவெடுக்கும் கருவியாக்கியவர்களில் ஒருவரான ராசலின் யாலோ, இயற்பியல் படித்தவர். டெலிகம்யூனிகேஷன் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் உதவி இன்ஜினியராகவும் கொஞ்ச நாள் இருந்தவர். அங்கே இருந்த ஒரே பெண் இன்ஜினியர். பிற்பாடு சாலமன் பெர்சனுடன் சேர்ந்து, கதிரியக்க அயோடினையும் ஆன்டிபாடியையும் வைத்து ரத்தத்தில் இன்சுலின் அளந்தார். 1977-ல் நோபல் பரிசு. ஆகவே இன்ஜினியருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்ட நண்பருக்கு இது பதில்!

ஆரம்பத்தில் ஆன்டிபாடி வேண்டுமென்றால் முயலுக்கோ ஆட்டுக்கோ அந்தப் புரதத்தை ஊசியாகப் போட்டு, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பார்கள். அது கலவை. ஒரே புரதத்தின் பல இடங்களைப் பிடிக்கும் பல ஆன்டிபாடிகள் அதில் இருக்கும். ஆடு மாறினால் கலவையும் மாறும். ஆடு செத்தால் அத்தோடு சரி. 1975-ல் கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைனும் ஜார்ஜ் கோலரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆன்டிபாடி செய்யும் எலியின் செல் கண்ணாடிப் பாத்திரத்தில் சில நாளில் செத்துப்போகும். புற்றுநோய்ச் செல்லுக்கோ சாவே கிடையாது. இரண்டையும் ஒட்டவைத்தால்? ஒரே வகை ஆன்டிபாடியை ஓயாமல் செய்துகொண்டிருக்கும் செல் கிடைக்கும். மோனோகுளோனல் என்பது இதுதான். 1984-ல் இவர்களுக்கும் நீல்ஸ் ஜெர்னேவுக்கும் நோபல் பரிசு வந்தது. காப்புரிமை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அது வேறு கதை.

இனி என் பெட்டியின் மஞ்சள் நிறத்துக்கு வருகிறேன். குழியின் அடியில் ஒரு ஆன்டிபாடியை ஒட்டவைத்திருப்பார்கள். ரத்த நீரை ஊற்றினால் அது ஐ.பி.10-ஐப் பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டாவது ஆன்டிபாடி வந்து அதே ஐ.பி.10-ஐ மறுபக்கத்திலிருந்து பிடிக்கும். இரண்டாவதின் வாலில் ஒரு என்சைம் கட்டியிருக்கும். அது நிறமற்ற திரவத்தை நீலமாக்கும். அமிலம் விட்டால் மஞ்சள். 450 நானோமீட்டரில் என் பெட்டி அதைப் படிக்கும். சாண்ட்விச் எலைசா என்று பெயர். எலைசா 1971-ல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் வெளியிட்டது. அதே சமயத்தில் நெதர்லாந்திலும் ஒரு ஜோடி இதே வேலையைச் செய்திருந்தது. ஐ.பி.10-ஐ விட ஒரு ஆன்டிபாடி எடையில் பதினேழு மடங்கு பெரிது. டவுன் பஸ் சீட்டில் சின்னக் குழந்தையை நடுவில் வைத்து இரண்டு பயில்வான்கள் உட்கார்ந்த மாதிரி. ஒருவர் முழங்கை மற்றவர்மேல் படக்கூடாது. அப்படிப் பொருந்தும் ஜோடியைத் தேடுவதே ஒரு பெரிய வேலை.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம். ஒரு ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக் கூடத்தில் எங்கள் பெட்டி இருந்தது. காசநோய்க் கிருமி உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க, ரத்தத்தோடு அந்தக் கிருமியின் புரதத்தைக் கலந்து ஒரு ராத்திரி வைத்துவிட்டு, டி செல்கள் எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா விடுகின்றன என்று அளப்பது வழக்கம். அதற்குப் பதில் ஐ.பி.10-ஐ அளந்தால் என்ன என்பது ஆராய்ச்சி. நம்ம சென்னைச் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்த வழியைச் சோதித்திருக்கிறார்கள். இன்டர்ஃபெரானைவிட ஐ.பி.10 பல மடங்கு அதிகம் சுரப்பதால் அளப்பது சுலபம். டென்மார்க்கில் ஒரு குழு, காகிதத்தில் காயவைத்த ரத்தப் பொட்டிலேயே இதை அளந்து காட்டியது. கவரில் போட்டுத் தபாலில் அனுப்பிவிடலாம்!

அந்தக் கூடத்திலிருந்து புகார் வந்தது. சில நோயாளிகளுக்கு நோய் நிச்சயம், ஆனால் ஐ.பி.10 எண் குறைவாக வருகிறது. பெட்டி சரியில்லை என்றார்கள். போனேன். விளக்கை மாற்றினேன். ஃபில்டரைத் துடைத்தேன். காலிப்ரேஷன் தட்டை வைத்துப் பார்த்தால் பெட்டி அப்பழுக்கில்லை. இரண்டு வாரம் இதே வேலை. கடைசியில், "கருவியில் குறை இல்லை, முடிவுகளை நம்பலாம்" என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அங்கே சீனியர் டெக்னீஷியன் ஒரு அக்கா. இருபது வருட அனுபவம். நான் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டிருக்கும்போது வந்து, "சார், ரிப்போர்ட் குடுக்கறதுக்கு முன்னாடி இந்த ஒண்ண மட்டும் பத்துக்கு ஒண்ணா கரைச்சுப் போட்டுப் பாத்துருவோமா?" என்றார். கரைத்தால் எண் பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும், இல்லையா? கூடியது. பெருக்கிப் பார்த்தால் முதல் எண்ணைவிடப் பல மடங்கு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தக் கிட்டில் நேரம் மிச்சம் பிடிக்க, ரத்த நீரையும் இரண்டாவது ஆன்டிபாடியையும் ஒரே நேரத்தில் ஊற்றுகிறார்கள். ஐ.பி.10 அளவோடு இருந்தால் பிரச்சினை இல்லை. மிக அதிகமாக இருந்தால், அடியில் இருக்கும் ஆன்டிபாடி எல்லாவற்றிலும் ஒவ்வொரு ஐ.பி.10 உட்கார்ந்துவிடும்; மேலே மிதக்கும் இரண்டாவது ஆன்டிபாடியின் கையிலும் தனியாக வேறு ஐ.பி.10 ஏறிவிடும். நடுவில் சேர்ந்து பிடிக்க ஆளில்லை. சாண்ட்விச் உருவாகாது. கழுவினால் எல்லாம் போய்விடும், நிறம் வராது. இதற்கு ஹுக் எஃபெக்ட் என்று பெயர். வளைவு மேலே போய்த் தூண்டில் மாதிரி கீழே திரும்பும். அதாவது, யாருக்கு ஐ.பி.10 மிக அதிகமோ அவருக்குத்தான் 'குறைவு' என்று வந்துகொண்டிருந்தது. முதல் வருடத்தில் ஸ்க்ரூ காஜில் ஜீரோ எரர் பார்க்காமல் எண் எழுதினால் நோட்டை வீசி எறிந்த நம்ம லேப் சார் நினைவுக்கு வந்தார். பெட்டிக்கு ஜீரோ எரர் பார்த்தேன். அளவுமானி பெட்டி இல்லை, அந்த ஆன்டிபாடி ஜோடி என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை. ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். அந்த எண்களை வைத்து யாருக்கும் மருந்து நிறுத்தப்படவில்லை, ஆராய்ச்சிக்காக எடுத்தவைதான். அந்த ஒரு ஆறுதல்.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் என்னை மிகவும் உலுக்கியது ஹெபடைடிஸ் சி விவகாரம். கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸுக்கு ஒரு காலத்தில் இன்டர்ஃபெரான் ஊசிதான் வைத்தியம். வாரக்கணக்கில், ஒரு வருடம்கூடப் போடுவார்கள். பலருக்குப் பலிக்காது. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்த்தபோது 2006-ல் ஒரு விசித்திரம் தெரிந்தது. சிகிச்சைக்கு முன் ரத்தத்தில் ஐ.பி.10 அளவு 600-க்கு மேல் இருந்தவர்களுக்குப் பலன் குறைவு. 150-க்குக் கீழே இருந்தவர்களுக்கு நல்ல பலன். தலைகீழாக இல்லை? ஐ.பி.10 டி செல்லை அழைக்கும் புரதம். அது கூடுதலாக இருந்தால் படை அதிகம் வர வேண்டுமே!

பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் மேத்யூ ஆல்பர்ட் குழு இதை நோண்டியது. நம் ரத்தத்தில் டி.பி.பி.4 என்று ஒரு என்சைம் உண்டு. சில புரதங்களின் முன் நுனியிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை மட்டும் கத்தரிப்பது அதன் தொழில். ஐ.பி.10-க்கு மொத்தம் 77 அமினோ அமிலம். முன்னால் இருக்கும் வேலின், புரோலின் இரண்டும் போனால் 75. போன இரண்டு இல்லாமல் அது டி செல்லின் மூக்கில் போய் உட்காரும், ஆனால் அழைக்காது. உட்கார்ந்த இடத்தை அடைத்துக்கொண்டு முழு ஐ.பி.10-ஐயும் வரவிடாது. பூட்டில் சாவி உடைந்து சிக்கிக்கொண்ட மாதிரி. சாதாரண எலைசாவின் ஆன்டிபாடிகளோ உடம்புப் பகுதியைப் பிடிப்பவை. 77-க்கும் 75-க்கும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே அழைப்பவனையும் வழி மறிப்பவனையும் சேர்த்துக் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. பாரிஸ் குழு நுனியை மட்டும் பார்த்துப் பிரித்தறியும் ஆன்டிபாடிகளைக் கொண்டு அளந்து, நீண்டநாள் நோயாளிகளின் ரத்தத்தில் குட்டையான தடுக்கும் வகை இருப்பதை 2011-ல் வெளியிட்டது. எண் அத்தனை வருடமும் சரியாகத்தான் இருந்தது. எதன் எண் என்பதுதான் தப்பு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தத்தைக் குழாயில் எடுத்த பிறகும் அந்த என்சைம் கத்தரித்துக்கொண்டே இருக்கும். குழாயிலேயே தடுப்பான் போடாவிட்டால், நோயாளி உடம்பில் நடந்ததா, மேசைமேல் நடந்ததா என்று சொல்லவே முடியாது. டி.பி.பி.4 என்ற பெயரைக் கேட்டதும் முன் வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். ஆமாம், சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாத்திரைகள் தடுப்பது இதே என்சைமைத்தான். 2015-ல் அதே பாஸ்டர் நிறுவனத்தார், எலிகளுக்கு சிட்டாகிளிப்டின் கொடுத்தால் முழு ஐ.பி.10 நிலைத்து, புற்றுக்கட்டிக்குள் டி செல்கள் அதிகம் போகின்றன என்று காட்டினார்கள். எலிகளுக்கு என்று சொன்னேன், தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் சி-க்கு 2013-லிருந்து நேரடியாக வைரஸைத் தாக்கும் மாத்திரைகள் வந்து, இன்டர்ஃபெரான் ஊசி போயே போச்சு. நோயாளிகளுக்கு நிம்மதி.

ஆன்டிபாடிக்கு அளப்பதோடு வேலை முடிவதில்லை. பிடித்த புரதத்தை வேலை செய்யவிடாமல் கட்டிப்போடும் வகையும் உண்டு. 'இந்தப் புரதம்தான் காரணமா?' என்ற கேள்விக்கு, அதைக் கட்டிப்போட்டுவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பதைவிட நேரடியான வழி இல்லை. நம்ம பாஷையில், சர்க்யூட்டில் ஒரு ஒயரைக் கழற்றிப் பார்ப்பது. 1995-ல் ராபர்ட் காலோவின் ஆய்வகத்தில் பாவ்லோ லுசோ முதலானோர், சி.டி.8 டி செல்கள் விடும் ஏதோ ஒன்று எச்.ஐ.வி.யை அடக்குகிறதே, அது என்ன என்று தேடினார்கள். ரான்டெஸ், மிப்-1 ஆல்ஃபா, மிப்-1 பீட்டா என்று மூன்று கீமோகைன்கள் கிடைத்தன. மூன்றையும் கட்டிப்போடும் ஆன்டிபாடிகளைச் சேர்த்துப் போட்டபோதுதான் வைரஸ் மீண்டும் தலை தூக்கியது. ஒன்றை மட்டும் கட்டினால் மற்ற இரண்டும் வேலையைப் பார்த்துக்கொண்டன. ஒரே ஆன்டிபாடியோடு நிறுத்தியிருந்தால் 'இது காரணமில்லை' என்று மூன்றையும் தள்ளியிருப்பார்கள். அடுத்த வருடமே, அந்த மூன்றின் ஏற்பியான சி.சி.ஆர்.5 வழியாகத்தான் எச்.ஐ.வி. நுழைகிறது என்பது தெரிந்தது. அதை அடைக்கும் மராவிராக் மாத்திரை 2007-ல் அனுமதி பெற்றது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம், வெண்புள்ளி. இதைக் குஷ்டம் என்று சேர்த்துச் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை; தொழுநோயோடு இதற்குச் சம்பந்தமே கிடையாது, ஒட்டவும் ஒட்டாது. தோலுக்கு நிறம் தரும் செல்களை நம் டி செல்களே கொல்வதால் வருவது. முன்னே சொன்ன மைக் கதைதான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் ஹாரிஸ் குழு, வெண்புள்ளி வரவழைத்த எலிகளுக்கு ஐ.பி.10-ஐக் கட்டும் ஆன்டிபாடியைக் கொடுத்தது. பரவுவது நின்றதோடு, போன நிறமும் திரும்பியது. 2014-ல் வெளியிட்டார்கள். ஃபீட்பேக் சுற்றை ஒரு இடத்தில் வெட்டினால் போதும் என்பதற்கு இது சாட்சி. அதே சுற்றை வேறொரு இடத்தில், இன்டர்ஃபெரான் செய்தி செல்லுக்குள் போகும் பாதையில் வெட்டும் ரக்ஸோலிடினிப் களிம்புக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இத்தனையும் ஆன்டிபாடி, லேபிளில் எழுதியதைப் பிடித்தால்தான். பிடிக்கிறதா? 2015-ல் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டு, சந்தையில் விற்கும் ஆன்டிபாடிகளில் ஏராளமானவை உருப்படியில்லை என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு, நரம்பியல் சம்பந்தப்பட்ட 65 புரதங்களுக்கு விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளை வரிசையாகச் சோதித்தது. சோதனை ரொம்ப எளிமை. அந்தப் புரதத்தின் ஜீனையே நீக்கிய செல்லை எடுத்துக்கொள். அதிலும் ஆன்டிபாடி 'இருக்கிறது' என்று காட்டினால் அது பொய் சொல்கிறது. 2023-ல் முடிவு வந்தது. பாதிக்கு மேல் ஏதாவது ஒரு பயன்பாட்டிலாவது தோற்றன. தோற்ற ஆன்டிபாடிகளை நம்பி வெளியான ஆராய்ச்சிக் கட்டுரைகள் சராசரியாகப் புரதத்துக்குப் பன்னிரண்டு! ஜீன் வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு செல்லில் செய்விக்கும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகள்தான் மற்றவற்றைவிட நன்றாக நின்றன. ஆடும் வேண்டாம், முயலும் வேண்டாம், பத்து வருடம் கழித்தும் அதையே வாங்கலாம். விலை கூடுதல் என்று முகம் சுளிப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் பெட்டியைத் துடைத்த செலவு அதைவிடக் கூடுதல் என்பது என் கணக்கு.

எங்கள் பெட்டி இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு கரைசலில் கேட்கும். இரண்டின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எண்ணையே காட்டாது, "மேலும் கரைத்துப் பார்க்கவும்" என்று மட்டும் திரையில் வரும். வாடிக்கையாளர்களுக்குத் தட்டில் இடம் வீணாகிறது என்று விற்பனைப் பிரிவில் பெரிய சண்டை நடந்தது. அந்த அக்கா வரைந்து கொடுத்த துண்டுக் காகிதத்தைத்தான் மீட்டிங்கில் மேசைமேல் வைத்தேன்.

அந்தப் பெட்டி ஒன்றையும், நேற்றுப் போட்ட ஒரு தட்டையும் கையோடு கொண்டுவந்து நம்ம பழைய இன்ஸ்ட்ருமென்டேஷன் லேபில் வைத்திருக்கிறேன். முதல் வரிசையில் பன்னிரண்டு குழி, இடமிருந்து வலமாக ஐ.பி.10 கூடிக்கொண்டே போகும். ஒன்பதாவது குழிக்கப்புறம் மஞ்சள் எப்படி வெளிறுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணி வரை அங்கே இருப்பேன். மாணவர்கள் பிப்பெட் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றாலும் வரலாம்.